65 வயதுக்கு மேல் இதயத்துக்கு யோகா மட்டும் போதுமா?

கேள்வி – பிப்ரவரி 2, காலை

என் அம்மாவுக்கு 71 வயது. பல வருடமாகக் காலையில் ஒரு மணி நேரம் ஆசனமும் பிராணாயாமமும் செய்கிறார். பி.பி.க்கு ஒரு மாத்திரை உண்டு, வேறு தொந்தரவு இல்லை. நடக்கச் சொன்னால், "யோகா செய்யறவளுக்கு வாக்கிங் எதுக்கு? முட்டிதான் தேயும்" என்கிறார். இதயத்துக்கு யோகாவே போதும் என்றுதான் நானும் நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, மாலை

போதாது. அம்மா செய்வது நல்ல பழக்கம், அதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். ஆனால் நடையில் கிடைப்பது ஆசனத்தில் கிடைக்காது.

எனக்கு 68. நாற்பதுகளிலிருந்து யோகா செய்கிறேன். குனிந்தால் உள்ளங்கை தரையில் படும். ஆனாலும் இரண்டு மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அடைப்பாக இருக்குமோ என்று பயந்துபோய் எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்துப் பார்த்தோம். அடைப்பு இல்லை. ட்ரெட்மில்லில் மட்டும் சீக்கிரமே களைத்துவிட்டேன். "உங்க உடம்பு நல்லா வளையுது, தாக்குப்பிடிக்கத்தான் பழகலை" என்றார் டாக்டர். அப்புறம்தான் நடக்க ஆரம்பித்தேன்.

காரணம் கேட்டீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 என்று வைத்துக்கொண்டு மற்ற வேலைகளை அளப்பார்கள். நிதானமான ஹட யோகா ஏறக்குறைய இரண்டரை மடங்கு. விறுவிறுப்பான நடை நான்கு மடங்கைத் தாண்டும். மூன்று மடங்கைத் தொட்டால்தான் மிதமான உழைப்பு என்று கணக்கில் சேர்ப்பார்கள். இதயத் தசையும் ரத்தக் குழாயின் உள்சுவரும் கால் தசையும் அந்த அளவு உழைப்பு தொடர்ந்து கிடைத்தால்தான் பழகும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. 65 தாண்டியவர்களுக்கு அதோடு, வாரத்தில் 3 நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கும் தசை பலத்துக்கும் சேர்த்துப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. அம்மாவின் ஆசனங்கள் இந்த இரண்டாவது பங்கில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். முதல் பங்கு அப்படியே காலியாகக் கிடக்கிறது.

பிப்ரவரி 3

முட்டி தேயும் என்பதற்குத் தனியாகப் பதில். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கே நடையும் தொடைத் தசைப் பயிற்சியும்தான் முதல் வைத்தியமாகச் சொல்லப்படுகிறது. குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, மூட்டு அசைந்தால்தான் அதற்கு ஊட்டம் போகும். வலி அதிகமானால் தூரத்தைக் குறைக்கலாம், சமதரையில் நடக்கலாம். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் அது அடங்கும்வரை பொறுக்க வேண்டும்.

பிப்ரவரி 3, இரவு

"சூரிய நமஸ்காரத்தை வேகமாகச் செய்தால் நடைக்குச் சமம்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இடைவிடாமல் பத்து நிமிடத்துக்கு மேல் செய்தால் மிதமான உழைப்பை எட்டும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். 40 வயதில் சரி. 71 வயதில், பி.பி. மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு, தலையை மேலும் கீழுமாக விடாமல் கொண்டுபோனால் தலைசுற்றும். அதே பலன் நடையில் இன்னும் பத்திரமாகக் கிடைக்கும்போது அதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பிப்ரவரி 5

யோகாவால் அடைப்பே கரைந்துவிடும் என்று சிலர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரும்பாலும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1990-இல் டாக்டர் டீன் ஆர்னிஷ் வெளியிட்ட ஆய்வு. அதில் சிலருக்கு அடைப்பு கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் செய்தது யோகா மட்டும் இல்லை. கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, புகையை விடுதல், மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி, மிதமான உடற்பயிற்சி, குழுவாக உட்கார்ந்து பேசுவது என எல்லாம் சேர்ந்த திட்டம். யோகா அதில் ஒரு பகுதி. ஆட்களும் குறைவு: திட்டத்தில் 28 பேர், ஒப்பிட 20 பேர். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

பெரிய அளவில் நடந்தது இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் செய்த யோகா-கேர் ஆய்வு. முடிவுகள் 2020-இல் வந்தன. மாரடைப்பு வந்து பிழைத்த 3,959 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆலோசனை, இன்னொரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு 13 வகுப்புகளாக யோகா. மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இவற்றில் இரு பக்கமும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலை மேலாக இருப்பதாக உணர்ந்தார்கள், முன்பு செய்துகொண்டிருந்த வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். அதில் பெரும்பாலோர் ஐம்பதுகளில் இருந்தவர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இந்த முடிவு ஏமாற்றமாகப் படவில்லை. என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு நான் பார்த்தது இதைத்தான். குளியலறைக்குப் போகவே பயப்பட்டார். நெஞ்சில் ஒரு சுருக்கென்றாலும் முகம் வெளுத்துவிடும். நடக்கச் சொன்னால் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கை கால் அசைவும் மெதுவான மூச்சும் சொல்லிக்கொடுத்தேன். தன் உடம்பின் மேல் நம்பிக்கை வந்த பிறகு அவராகவே வாசல் தாண்டினார். அந்த நம்பிக்கைக்கு யோகா செய்ததை மாத்திரை செய்திருக்காது. அடைப்பைப் பார்த்துக்கொண்டது மாத்திரைதான்.

பிப்ரவரி 6

நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடப்பது பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். அந்த எண் எந்த ஆய்விலிருந்தும் வந்ததில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

வயதானவர்களுக்கு உதவும் கணக்கு அமெரிக்க ஆய்வாளர் ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்டது. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களிடம் மரணம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடி வரை பலன் கூடியது, அதற்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. உடம்பு முடியாதவர்கள் இயல்பாகவே குறைவாக நடப்பார்கள், அதனால் 41-ஐ அப்படியே நடையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் முட்டி வலியோடு பத்தாயிரத்தைத் துரத்த வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

பிப்ரவரி 6, இரவு

மறுபடி யோசித்தபோது, எண்ணிக்கையை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம் என்று படுகிறது. நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன் என்று சொல்லும் பலருக்கு, எண்ணிப் பார்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டாது. ஒரு வாரம் எண்ணிப் பார்த்து, இருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஐநூறு, ஆயிரம் என்று கூட்டலாம்.

பழைய ஆய்வு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. பிரிட்டிஷ் மருத்துவர் ஜெர்ரி மோரிஸ் 1953-இல் வெளியிட்டது. லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களையும், நாள் முழுக்கப் படி ஏறி இறங்கும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. பூங்காவுக்கும் போகவில்லை, பயிற்சி என்றும் செய்யவில்லை, வேலையிலேயே அசைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மேல்மாடிக்குப் போகும் வேலைகளை இப்போது யாருக்கும் ஏவுவதில்லை, நாங்களே ஏறிவிடுகிறோம்.

பிப்ரவரி 9

வேகம். இந்த விவாதத்தில் எல்லோரும் தூரத்தையும் நேரத்தையும் பேசுகிறோம், வேகத்தை விட்டுவிட்டோம். கடைவீதியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்பதும், மூச்சு லேசாகக் கூடும்படி இருபது நிமிடம் நடப்பதும் இதயத்துக்கு ஒன்றில்லை.

அளக்கக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாக்கியம் முடிக்கும் முன் மூச்சு முட்டினால் வேகம் அதிகம். பாட்டு வந்தால் குறைவு. நிமிடத்துக்கு 100 அடி என்பதும் ஒரு தோராயக் கணக்கு. பேச்சுத் துணையோடு நடப்பவர்களுக்கு இந்தச் சோதனை வழியெல்லாம் தானாகவே நடக்கும்!

220-இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பு பார்க்கச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். 70 வயதுக்கு அது 150 என்று காட்டும். 2001-இல் வந்த தனாகா கணக்குப்படி, அதாவது வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழித்தால் 159. இரண்டுமே சராசரிதான், தனி ஆளுக்கு நிறைய மாறும். அதைவிடப் பெரிய சிக்கல் மாத்திரை. என் கணவர் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார், மெட்டோப்ரோலால் அந்த வகை. அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. கையில் கட்டும் கடிகாரம் "இன்னும் வேகமாக" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், இவருக்கோ வியர்த்துக் கொட்டும். கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னேன்.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஸ்வீடனின் குன்னார் போர்க் வகுத்த அளவு உதவும். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்பதை 6 முதல் 20 வரை நீங்களே சொல்ல வேண்டும். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. 12-இலிருந்து 14-க்குள் இருந்தால் சரியான நடை.

பிப்ரவரி 10

ஒரு சிறு குறிப்பு. கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாகி, நடந்தால் அதே தூரத்தில் மறுபடி வலித்தால் அதை மூட்டு வலி என்று விட்டுவிடாதீர்கள். காலின் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், அங்கே இருந்தால் இதயத்திலும் இருக்க வாய்ப்பு கூடுதல். டாக்டர் பார்த்த பிறகு அதற்கும் சிகிச்சையில் ஒன்று நடைதான்: வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது.

பிப்ரவரி 14

இப்போது மூச்சுப் பயிற்சி. அம்மா செய்யும் பிராணாயாமத்தில் எதைத் தொடரலாம், எதை விடலாம் என்று கேட்டீர்கள்.

மெதுவான மூச்சு அருமையானது. நிமிடத்துக்கு சுமார் 6 மூச்சு என்ற வேகத்தில், ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி சரிசெய்யும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. இத்தாலியில் பெர்னார்டி குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் ஜெபமாலை சொன்னவர்களுக்கும் யோக மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு தானாகவே அந்த 6-க்கு வந்து நின்றது. நாடிசுத்தி (மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடுவது), பிராமரி (வண்டுபோல் ரீங்கரித்தபடி மூச்சு விடுவது), வெறுமனே நீளமாக மூச்சை விடுவது, எது பிடிக்கிறதோ அதைச் செய்யலாம். படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் செய்தால் எனக்கு இரவு பி.பி. நிதானமாக இருக்கிறது.

பி.பி. உள்ளவர்களும் இதய நோய் உள்ளவர்களும் விட வேண்டியவை: கும்பகம் (மூச்சை அடக்குவது), கபாலபாதி, பஸ்திரிகா (இரண்டும் மூச்சை வேகமாகத் தள்ளுவது). மூச்சை அடக்கி முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. விட்டதும் அழுத்தம் திடீரென்று எகிறுகிறது. இளம் குழாய்கள் அதைத் தாங்கும். நான் போன ஒரு வகுப்பில் எல்லா வயதினரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து வேகவேகமாகக் கபாலபாதி செய்யச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த, என்னைவிட மூத்த அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வகுப்பில் சேரும்போது அவருடைய மாத்திரைகளைப் பற்றி ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் முதியவரைச் சேர்த்துக்கொள்ளும் வகுப்புக்கு அம்மாவை அனுப்பாதீர்கள்.

கால் மேலே, தலை கீழே போகும் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் வேண்டாம். கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் கட்டாயம் வேண்டாம், தலைகீழாக நின்றால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். எலும்பு பலமிழந்தவர்கள் முதுகை வளைத்து ஆழமாக முன்னால் குனிவதையும் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பு நசுங்கலாம்.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஒரே நிலையில் பிடித்து நிற்கும் ஆசனங்களும் ஆபத்துதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. மூச்சை அடக்குவது வேறு, தசையைப் பிடித்து நிற்பது வேறு. 2023-இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஓய்வு நேர பி.பி.யை அதிகம் குறைத்தது இப்படி அசையாமல் தசையை இறுக்கும் பயிற்சிதான். மேல் எண்ணில் சராசரியாக 8 அளவு குறைந்தது. நடை, ஓட்டம் போன்றவற்றில் நாலரை. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இருப்பதுபோல் முழங்காலை மடக்கி நிற்பது நல்ல பலன் தந்தது.

உத்கடாசனம், வீரபத்ராசனம் எல்லாம் ஏறக்குறைய இதே வகைதான். அதனால் பி.பி.யைப் பொறுத்தவரை அம்மாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது, முதல் நாள் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். நிற்கும் நேரம் முழுக்க மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாய்விட்டு எண்ணிக்கொண்டு நின்றால் மூச்சை அடக்கவே முடியாது. முழங்காலைக் கொஞ்சமாக மடக்கினால் போதும். பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவரட்டும்.

பிப்ரவரி 21

முடிக்கும் விதம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் தள்ளுவது நின்றுபோகும், விரிந்த குழாய்களில் ரத்தம் காலிலேயே தங்கும், தலை கிறுகிறுக்கும். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு நிற்க வேண்டும். தொடக்கத்திலும் அப்படித்தான்.

சவாசனத்திலிருந்து எழுவதும் இதே கதை. நேரே எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கை ஊன்றி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் பி.பி.யின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதைத் தனிக் குறையாகவே மருத்துவத்தில் பார்க்கிறார்கள். பி.பி. மாத்திரை, நீர் பிரிக்கும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரைகளில் சில இதை இன்னும் கூட்டும். இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டால் இதயத்துக்கு எந்தப் பயிற்சியும் கிடைக்காது. அதனால்தான் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம்கூட இந்த வயதில் சுவர் ஓரமாகச் செய்யச் சொல்கிறேன்.

பிப்ரவரி 27

எங்கே நடப்பது? லண்டனில் 60 தாண்டியவர்களை இரண்டு மணி நேரம் நடக்கவைத்துப் பார்த்தார்கள். ஒருமுறை ஹைட் பூங்காவில், ஒருமுறை பேருந்துப் புகை நிறைந்த ஆக்ஸ்போர்ட் தெருவில். பூங்காவில் நடந்தபின் நுரையீரலும் ரத்தக் குழாய்களின் இளக்கமும் மேம்பட்டன. தெருவில் நடந்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி காணாமல் போனது. 2018-இல் அச்சில் வந்த ஆய்வு. பெரிய சாலை ஓரம் தவிர வழியே இல்லை என்றால் வண்டிகள் குறைந்த நேரமாகப் பார்த்துப் போகலாம், மொட்டைமாடியிலோ வீட்டுக்குள்ளோ நடக்கலாம்.

வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் வேண்டாம். கடும் குளிரிலும் வேண்டாம், குளிர் குழாய்களைச் சுருக்கிவிடும்.

மார்ச் 4

நடையை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வேகத்துக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, துடிப்பு தாறுமாறாக ஓடுவது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும். காரணமில்லாத அசதி, வாந்தி உணர்வு, மூச்சுத் திணறல் மட்டுமே இருக்கலாம். "வாயுதான்" என்று நடந்தே சமாளிக்கப் பார்க்காதீர்கள். உட்காருங்கள், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை டாக்டர் தந்திருந்தால் உட்கார்ந்துகொண்டே வையுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. என் கணவருக்கு வந்தது தாடை வலி. பல்வலி என்று நினைத்துப் பல் டாக்டரிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 12

"70-க்கு மேல் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது" என்று மனம் விட்டு எழுதியவருக்கு. அமெரிக்காவின் டல்லஸில் செய்த ஆய்வுகள் இரண்டு. 45 முதல் 64 வயது வரையிலானவர்கள் இரண்டு வருடம் பயிற்சி செய்தபோது இதயச் சுவரின் இறுக்கமே குறைந்தது. 65 தாண்டியவர்கள் ஒரு வருடம் செய்தபோது இறுக்கம் குறையவில்லை. ஆனால் உடம்பு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் உச்சத் திறன் 19 சதவீதம் கூடியது. சிறு ஆய்வுதான், பயிற்சியும் கடினம். ஆனாலும் அந்தக் கூடுதல் எங்கே தெரியும் என்று எனக்குத் தெரியும்: படியில். இப்போது கைப்பிடி தேவைப்படுவதில்லை, பேரனோடு பேசிக்கொண்டே ஏறுகிறேன்.

மார்ச் 18

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அம்மா நடக்க ஒப்புக்கொண்டாராம், பத்து நிமிடம் போய்விட்டுத் திரும்புகிறாராம். மிக்க மகிழ்ச்சி. அதற்கும் குறைவாக, ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும். முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும் என்ற விதி இருந்தது, 2020 வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு வாரம் சில நிமிடம் கூட்டட்டும், வேகத்தை அப்புறம் பார்க்கலாம். காய்ச்சல் வந்து விட்டுப்போனால், நன்றாகத் தேறிய பிறகு பாதியில் இருந்து தொடங்கட்டும்.

மாத்திரையைக் குறைக்கலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: நீங்களாகக் குறைக்கக் கூடாது. நடை பிடித்துக்கொண்டால் பி.பி. இறங்குவது உண்டு, இறங்கியும் அதே அளவு மாத்திரை சாப்பிட்டால் தலைசுற்றலும் வரலாம். காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் அளந்து, எழுந்து நின்று ஒருமுறை அளந்து, ஒரு வாரம் எழுதி வையுங்கள். அந்தத் தாளையும் மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.